அஸ்திவாரத்துக்கே முதல் காசு!

நடுவர் அவர்களே! விளையாட்டுக் கம்ப்யூட்டரை வீட்டிலேயே அசெம்பிள் செய்ய ஒரு பையனிடம் இருப்பது 50,000 ரூபாய். அதில் பளபளப்பும் வேண்டும் என்று எதிரணி அம்மையார் அழகாகப் பேசினார்கள்.

சென்னை ரிச்சி தெருவிலே கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஏழு கலர் விளக்கு. பையன் மயங்குறான்! அம்மா, விளக்கு எரிஞ்சா ஆட்டம் வேகமா ஓடுமா? (சிரிப்பு) பந்தலுக்கு சீரியல் பல்பு கட்டிட்டு, சாம்பாருக்குப் பருப்பு வாங்காத கதை!

திரையிலே படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. பெரும்பங்கு அதற்கே போகட்டும். 16 ஜிபி ராம் வேண்டுமா? ஒன்றாக வாங்காதீர்கள், 8, 8 என்று ஜோடியாக வாங்குங்கள். ஒருவழிப் பாதை இருவழிப் பாதை ஆகும்.

பவர் சப்ளை இருக்கிறதே, அது குடும்பத்திலே அப்பா மாதிரி! யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஆனா, சோறு போடுறது அதுதான். (கைதட்டல்) அதிலே ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிச்சு மட்டமானதை மாட்டினால், கருகும்போது அது தனியாப் போகாது. மதர்போர்டையும் கார்டையும் துணைக்கு இழுத்துக்கிட்டுப் போனாலும் போகும்!

அந்த 50,000 ஒரு தகப்பனின் வியர்வை, நடுவரே. கண்ணுக்குத் தெரியாத இடத்திலே கஞ்சத்தனம் கூடாது என்று அந்தப் பிள்ளை இன்றைக்குக் கற்றுக்கொண்டால், நாளைக்கு அவன் கட்டும் வீடும் நிற்கும்.