வாசலில் ஒரு வறட்சித் தோட்டம்

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் உள்ள என் வீட்டு முன்வாசல் மிகச் சிறியது. நான்கு கட்டில்களைப் போட்டால் நிறைந்துவிடும். அவ்விடத்தில் நான் கற்ற பாடமொன்றை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தது எங்கள் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைப் பொழிந்துவிட்டு, இங்கே பெரும்பாலும் வெறுங்காற்றாகவே வீசும். ஐப்பசி, கார்த்திகை மழையே எங்களுக்குப் பெருந்துணை. நொய்யலோ சாயக்கழிவால் கெட்டது. 2011ஆம் ஆண்டு சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அக்கேடு முற்றியிருந்தது. இத்தகைய நிலத்தில், ஒரு குடம் நல்ல நீரைச் செடிக்கு வார்ப்பதா, உலைக்கு வைப்பதா என்பது விளையாட்டு வினா அன்று.

இதனை எண்ணாமல் முதலாண்டில் தக்காளி பயிரிட்டேன். சித்திரை வந்தது, வீட்டுக்கே லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தது. "கண்ணு, இந்தத் தண்ணிக் காசுக்குக் கடையிலேயே தக்காளி வாங்கிப்போடலாமே!" என்றார் என் தாயார். நீரூற்றுவதை நிறுத்தினேன், செடிகள் கருகின. ஆனால் வேலியோரம் நான் கவனியாதிருந்த முருங்கையும் பிரண்டையும் சாகவில்லை. காரணம் யாது?

முருங்கை, கிழங்குபோல் தடித்த வேரில் நீரைச் சேமிக்கிறது; வறட்சி மிகுந்தால் இலையை உதிர்த்துச் செலவைக் குறைக்கிறது. பெரும்பாலான செடிகள் கரிவளியை ஏற்கப் பகலில் நுண்துளைகளைத் திறக்கின்றன. அவ்வழியே நீர் ஆவியாகிறது. பிரண்டைத் தண்டோ இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து, கரிவளியை அமிலமாகச் சேமித்து, பகலில் பயன்படுத்துகிறது. பருப்புக்கீரை இன்னும் வியப்பானது: நீருள்ளபோது பகல்முறை, நீரற்றபோது இரவுமுறை. ஆதலின் வறண்ட நாளில் வைகறையில் பறித்த இலை, மாலையில் பறித்ததைவிடப் புளிக்கும். செடியைப் பெரியவரிடம் காட்டித் தெளிந்தபின் நீங்களே சுவைத்துப் பாருங்கள்.

மறுவாண்டு மழைத் தொடக்கத்தில் பருப்புக்கீரையும் தண்டுக்கீரையும் விதைத்தேன்; சுண்டையும் நட்டேன். பாத்தியைச் சருகால் மூடினேன். அரிசி, காய்கறி கழுவிய நீரே அவற்றுக்கு உணவு. சவர்க்கார நீரை விடுவதில்லை. முருங்கை இல்லாதோர் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கி, 1989இல் வெளிவந்த பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையை விதைக்கலாம். ஏறத்தாழ ஆறு திங்களில் காய்க்கும்.

வறட்சியைத் தாங்கும் என்றால் நீரே வேண்டா என்பதன்று. இளஞ்செடி வேரூன்றும்வரை நீர் வேண்டும். முருங்கையடியில் நீர் தேங்கினாலோ வேர் அழுகும்.

நண்பர்களே! விரும்பிய செடியை நட்டுவிட்டு நீருக்கு அலைவது தலைகீழ் முறை. உங்கள் வீட்டில் நாள்தோறும் எவ்வளவு நீர் எஞ்சுகிறது என முதலில் அளந்து பாருங்கள். அதற்கேற்ற செடியைப் பின்னர்த் தேர்ந்தெடுங்கள். அரிசி கழுவிய நீரை இப்போது என் தாயாரே கொண்டுவந்து கீரைக்கு ஊற்றுகிறார்.