வெந்நீர்க் கம்பியும் மூன்றாவது துளையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் முழங்கும் மேடையில் வெந்நீரைப் பற்றிப் பேச நம்மைப் பணித்திருக்கின்றனர். இரயில்வே எழுத்தரிடம் இதனினும் பெரிய பொருளை ஒப்படைத்தல் தகாதென விழாக் குழுவினர் கருதினர் போலும்! ஆயினும் பெங்களூரின் மார்கழி விடியலில் ஒரு குவளைத் தண்ணீரை உடலிற் கொட்டிப் பார்த்தவர் எவரும் இப்பொருளை இகழார்.

முன்னாளில் இந்நகர இல்லங்களில் குளியலறை மூலையில் அடுப்பிற் பதித்த செப்பு அண்டா இருந்தது. கன்னட அன்பர்கள் அதனை ஹண்டே என்பர். விறகு ஈரமாயிருந்தால் புகையும்; கண் எரியும்; குறை யாதென்று உடனே தெரியும். காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902-இல் ஆக்கிய மின்சாரம் முதலிற் கோலார் தங்கவயலுக்கும், 1905-இற் பெங்களூருக்கும் வந்தது. அதன்பின் மெல்ல மெல்ல விறகு விலகியது. இன்று மாடிதோறும் கதிரவன் வெப்பத்தில் நீர் காய்ச்சும் கருவிகள் காண்கிறோம். எனினும் வானம் மூடிய நாளிலும், வாடகைக் குடியிருப்பிலும், வாளிக்குள் தொங்கும் வெந்நீர்க் கம்பியே நம்மனோர்க்குத் துணை. அதனை ஹீட்டர் ராடு என்றே எல்லோரும் வழங்குகிறோம்.

அதன் உள்ளமைப்பு எளிது. வெளியே செம்புக் குழாய். உள்ளே நிக்ரோம் என்னும் கலப்புலோகச் சுருள். இரண்டிற்கும் இடையே இறுகப் பொதிந்த மக்னீசியம் ஆக்சைடுத் தூள். இத்தூள் வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. ஈரம் புகுந்தாலோ, குழாய் வெடித்தாலோ அது மின்சாரத்தையும் விடத் தொடங்கும்.

கம்பி அறவே காயவில்லையெனில் அச்சம் வேண்டா. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் இரண்டு சிறிய கால்களைத் தொட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட்டுக்கு அமைந்த 1500 வாட் கம்பி ஏறத்தாழ 35 ஓம் காட்டும்; 1000 வாட் கம்பி 53 ஓம். மீட்டர் ஒன்றும் காட்டாவிடின் சுருளோ, வயரோ, பிளக்கின் திருகோ அறுந்திருக்கிறது. முதலிற் பிளக்கைத் திறந்து பாருங்கள். பல சமயம் குறை அங்கேயே தீர்ந்துவிடும். எண் பூச்சியத்தை நெருங்கினால் உள்ளே குறுக்குச் சேர்க்கை நேர்ந்துள்ளது.

மெதுவாகக் காய்கிறது என்பார் பலர். பதினைந்து லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 45 பாகைக்கு உயர்த்த 1500 வாட் கம்பிக்குப் பதினெட்டு நிமிடம் ஆகும். அரை யூனிட்டுக்கும் குறைந்த செலவு. அரை மணிக்கு மேல் ஆனால் மின்னழுத்தத்தை ஐயுறுக. 230 வோல்ட் 180-ஆக இறங்கினால், 1500 வாட் கம்பி 920 வாட் அளவுக்கே உழைக்கும். ஆழ்குழாய் நீரின் உப்புப் படிவே தாமதத்துக்குக் காரணம் என்பது பாதி உண்மை. பிறந்த வெப்பம் எப்படியும் நீருக்குத்தான் போயாக வேண்டும். படிவினால் உள்ளிருக்கும் சுருள் மிகையாகக் காய்ந்து விரைவில் அறுகிறது. அதுவே மெய்யான கேடு. கம்பி ஆறியபின் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்தால் படிவு கரையும்.

இவையெல்லாம் சிறு தொல்லைகள். நாம் இங்கு வந்தது மூன்றாவது குறையைச் சொல்ல. அக்குறை உடைய கம்பி மிக நன்றாகக் காயும்!

சென்ற குளிர்காலத்தில் நம் காலனியில் ஓர் இல்லத்திற்கு அழைக்கப்பட்டோம். அவ்வில்லத்து அம்மையார், "கம்பியிலே ஒரு குறையும் இல்லை அண்ணா, தண்ணீர் சீக்கிரமாகவே காய்கிறது. விரலை வைத்துப் பார்த்தால் மட்டும் சுருக்கென்கிறது. அதனால் செருப்புப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன்" என்றார். பள்ளிக்குச் செல்லும் மகன் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்றுகொண்டிருந்தான்.

பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தோம். சிறிய கால்களுக்கிடையே 36 ஓம்; குறையொன்றும் இல்லை. பின்னர், தடித்து நீண்ட மூன்றாவது காலுக்கும் செம்புக் குழாய்க்கும் இடையே பார்த்தோம். அங்கு ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும், மீட்டர் அசையவேயில்லை. எர்த் என்று வழங்கும் நிலத்தொடர்பு வயர் பிளக்கினுள் கழன்று கிடந்தது. அடுத்து, சிறிய கால் ஒன்றுக்கும் செம்புக் குழாய்க்கும் இடையே பார்த்தபோது சில ஆயிரம் ஓம் காட்டியது. அங்கு மீட்டர் எதுவும் காட்டலாகாது. மின்சாரம் தூளைக் கடந்து குழாய்க்கு வந்துகொண்டிருந்தது என்பது இதன் பொருள்.

வாளியோ பிளாஸ்டிக். கசிந்த மின்சாரம் போக வழியின்றி நீரிலேயே காத்திருந்தது. உலர்ந்த செருப்பு அணிந்தவர்க்குச் சுருக்கென்ற அதே மின்சாரம், ஈரத்தில் நின்ற சிறுவன் விரல் வைத்திருந்தால் என் செய்திருக்கும்? உடலின் வழியே 30 மில்லியாம்பியர் பாய்ந்தாலே பற்றிய கையை விட முடியாது, மூச்சும் தடைப்படலாம். அக்கம்பியில் ஓடுவதோ ஆறரை ஆம்பியர்.

நம் இரயில்வேயில் ஒரு மரபு உண்டு. தண்டவாளத்தில் மெல்லிய மின்னோட்டத்தை இடையறாது செலுத்தி, வண்டி நிற்பதை அறியும் முறைக்கு 1872-இல் அமெரிக்கர் வில்லியம் இராபின்சன் காப்புரிமை பெற்றார். வயர் அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் ஓட்டம் நின்று கைகாட்டி சிவப்பாகும். கருவி கெட்டால் வண்டி நிற்குமேயன்றி மோதாது. வெந்நீர்க் கம்பிக்கு அந்நற்குணம் இல்லை. எர்த் வயர் அறுந்தாலும் வழக்கம்போல் நீர் காயும். ஒரு விளக்கும் சிவக்காது. ஆகவே, சூடாகிறதா என்று பார்ப்பது சோதனையே அன்று.

மீட்டரிலும் முழு நம்பிக்கை வைத்தலாகாது. அதனுள் இருப்பது சிறு மின்கலம். 230 வோல்ட்டில் வெளிப்படும் கசிவு அதற்குப் புலப்படாமற் போகலாம். மழைக்காலம் முழுதும் பரணிற் கிடந்த கம்பியில் ஈரம் ஏறியிருக்கும். அதனை 500 வோல்ட் மெக்கர் கொண்டு வயர்மேனிடம் சோதிப்பித்தலே முறை. டெஸ்டர் திருப்புளியை ஓடும் கம்பியின் நீரில் தொட்டுப் பார்க்கும் வழக்கமும் வேண்டா. அது எரிந்தால் ஆபத்து உறுதி. எரியாவிட்டாலோ பாதுகாப்பு உறுதியன்று.

இனிச் சுவருக்கு வருவோம். அவ்வில்லத்துச் சாக்கெட்டின் மேலிருக்கும் பெரிய துளையைத் திறந்தால் அதன் பின்னே வயரே இல்லை! மூன்று துளை இருந்தால் மூன்று வயர் இருக்குமென நம்புகிறோம். வீட்டுக்காரர் சிக்கனம் பார்த்த இடம் அதுதான். வேறு சில வீடுகளில் நியூட்ரல் வயரையே எர்த் துளையில் இணைத்து விடுகின்றனர். மீட்டருக்கு அது நல்ல எர்த்தாகவே தோன்றும். ஆனால் தெருவில் நியூட்ரல் அறுந்த அன்று குழாய் முழுதும் மின்சாரமாகும். உரிமம் பெற்ற வயர்மேன் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தாலன்றி இது வெளிப்படாது. கசிவைக் கண்டு 30 மில்லியாம்பியரிலேயே அறுக்கும் ஆர்.சி.சி.பி. விசையையும் பலகையிற் பொருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க நம்மவர் கூசுகின்றனர். வாடகை உயர்வைப் பற்றி அவர் கூசுவதில்லை என்பதை நினைவூட்டுகிறோம்.

தாய்மார்களுக்கு ஒன்று. நீரை ஊற்றிக் கம்பியை மூழ்கவைத்த பின்னரே விசையைப் போடுக. விசையை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே விரலை வைக்க. குறிக்கு மேல் நீரின்றி ஒருமுறை காய்ந்த கம்பி, வெளிக்கு நன்றாய்த் தோன்றினும் சோதனையின்றி மீண்டும் வாளிக்குள் இறங்கலாகாது. இரும்பு வாளியில் தொங்கவிடவும் வேண்டா.

அவ்வில்லத்தில் வயர்மேனை அழைத்து எர்த் வயர் இழுத்தனர், ஐ.எஸ். 368 தரமுத்திரை உள்ள புதுக்கம்பியும் வாங்கினர். பழைய கம்பியைப் பழைய பாத்திரக்காரருக்குப் போடலாமே என்றார் குடும்பத் தலைவர். வேறொரு வாளியில் அது இறங்கிவிடக் கூடுமென்று வயரை அடியோடு வெட்டிய பின்னரே கொடுத்தோம்.

விழா முடிந்ததும் மீட்டருடன் மண்டபத்தின் பின்வாயிலில் அமர்ந்திருப்போம். தத்தம் கம்பிகளைக் கொணர்க. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் போதும். சாக்கெட்டைக் கழற்றிக் கொணர வேண்டா. அதனைப் பார்க்க வயர்மேன் வீட்டிற்கே வரட்டும்.