விளையாட்டுக் கணினியும் பணப் பங்கீடும்



கணினியிலே விளையாடுவதைப் பற்றி வானொலியிலும் பேசவேண்டுமா என்று பெரியோர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். பேசத்தான் வேண்டும். இன்று நம் வீடுகளிலே பிள்ளைகள் கேட்கின்ற பொருள்களுள் மிகுந்த விலையுடையவற்றுள் இதுவும் ஒன்று. பரீட்சையிலே சித்தியடைந்தால் வாங்கித் தருவேன் என்று தந்தை வாக்களித்துவிடுகிறார். வெளிநாட்டிலிருக்கும் மாமனோ அண்ணனோ அதற்கென்று பணம் அனுப்பிவைக்கிறார். கணினியின் உறுப்புகளோ கடல் கடந்து வருபவை. டொலரிலே விலை பேசப்படுபவை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்திலே 360 ரூபாவை அண்மியதை நாம் எவரும் மறந்திருக்கமாட்டோம். அவ்வாறு அரிதாய்ச் சேர்ந்த பணத்தைப் பொருந்தாத உறுப்பொன்றிலே கொட்டிவிட்டால், அதைத் திருத்துவதற்கு மறுபடியும் பணந்தான் தேடவேண்டும்.

விளையாட்டுக்கென அமைக்கும் கணினியிலே பணத்தின் பெரும்பகுதியை விழுங்குபவை இரண்டு. ஒன்று, கணினியின் மூளை எனப்படும் புரொசெசர். மற்றையது, திரைக்குரிய படத்தை வரைகின்ற கிராபிக்ஸ் அட்டை. இவ்விரண்டுக்கும் பணத்தை எந்த அளவிலே பங்கிடுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விளையாட்டு என்று நாம் திரையிலே காண்பது, ஒரு செக்கனுக்குப் பல தடவை புதிது புதிதாக வரையப்படும் படங்களின் தொடர். ஒவ்வொரு படத்துக்கும் முன்னதாக, வீரன் எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எதிலே பட்டது, பகைவன் அடுத்து என்ன செய்வான், எந்தெந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியும் என்றெல்லாம் கணக்கிட்டு, இன்னின்னவற்றை வரைக என்று கட்டளைப் பட்டியல் எழுதிக் கொடுப்பது புரொசெசரின் வேலை. அப்பட்டியலை வாங்கி, நிறமும் ஒளியும் நிழலும் சேர்த்துப் புள்ளி புள்ளியாக வரைந்து முடிப்பது அட்டையின் வேலை.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே துலா மிதித்து நீர் இறைத்த காலத்தை உங்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். கிணற்றடியிலே ஒருவர் பட்டையால் இறைப்பார். தோட்டத்துக்குள்ளே மற்றொருவர் வாய்க்காலை வெட்டியும் அடைத்தும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். இறைப்பவர் தளர்ந்தால், தண்ணீர் மாறுபவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார். மாறுபவர் தளர்ந்தாலோ, வாய்க்கால் நிரம்பி வழிய, இறைப்பவர் கையை நிறுத்தவேண்டிவரும். இருவருள் எவர் மெதுவானவரோ, அவருடைய வேகமே அன்றைய வேலையின் வேகம்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு செக்கனுக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். 144 படங்கள் காட்டவல்ல திரையை வாங்கி வைத்திருப்பவருக்கு 7 மில்லிசெக்கன்கூடக் கிடையாது. அட்டை ஒரு படத்தை வரையும்பொழுதே புரொசெசர் அடுத்த படத்துக்கான பட்டியலை எழுதத் தொடங்கிவிடுவதால், இரண்டின் நேரத்தையும் கூட்டிப் பார்க்கவேண்டியதில்லை. கூடுதலான நேரம் எதுவோ அதுவே கணக்கு. புரொசெசருக்கு 10 மில்லிசெக்கனும் அட்டைக்கு 6 மில்லிசெக்கனும் செல்லுமாயின், செக்கனுக்கு 100 படங்கள் கிடைக்கும். இப்பொழுது ஒருவர் பெரும்பணம் கொடுத்து, 3 மில்லிசெக்கனிலே வரைந்து முடிக்கும் அட்டையொன்றை வாங்கிவருகிறார் என்க. படங்களின் எண்ணிக்கை எத்தனை? அதே 100 தான். புதிய அட்டை அரைவாசி நேரத்துக்கு மேலாகச் சும்மா இருக்கும். படத்தின் அழகையும் நுணுக்கத்தையும் கூட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கூட்டலாம், ஆனால் அவர் பணம் கொடுத்தது வேகத்துக்கல்லவா?

இனித் திரைக்கு வருவோம். கடையிலே 1080 என்று சொல்லப்படும் திரையிலே 1920 க்கு 1080 ஆக, 20 இலட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள் உண்டு. 4கே எனப்படும் திரையிலே 82 இலட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம்; சரியாக நான்கு மடங்கு. திரை பெருக்க அட்டையின் வேலை பெருகுகிறது. புரொசெசருக்கோ இதனாற் பெரிய மாற்றமொன்றும் இல்லை. பகைவன் எங்கே நிற்கிறான் என்ற கணக்கு எந்தத் திரைக்கும் ஒன்றுதான். ஆகையால் 4கே திரை வைத்திருப்பவர் பணத்தை அட்டையின் பக்கம் நன்றாகச் சாய்க்கவேண்டும். 1080 திரையிலே செக்கனுக்கு 200, 240 படங்களை எதிர்பார்ப்பவர் புரொசெசரை அசட்டை செய்தால் ஏமாறுவார். இக்காலத்திலே குறைந்த புள்ளிகளில் வரைந்து பின்னர் பெருப்பித்துக் காட்டும் உத்திகள் வந்துள்ளன. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ் அவற்றுள் ஒன்று. அதன் வேகமான அமைப்பிலே 4கே திரைக்குரிய படம் உள்ளே 1080 அளவிலேயே வரையப்படுகிறது. அட்டையின் சுமை இறங்க, படங்களின் எண்ணிக்கை ஏறி, பந்தயம் மறுபடியும் புரொசெசரின் கைக்கு வந்துவிடும்.

எந்த விளையாட்டு என்பதும் முக்கியம். கவுண்டர் ஸ்டிரைக் 2, வாலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகள் அட்டைக்கு அதிக வேலை கொடுப்பதில்லை, புரொசெசரையே வாட்டுகின்றன. 2020 இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 இல், ஒளிக்கதிர் செல்லும் வழியைக் கணக்கிட்டு வரையும் முறையை முடுக்கிவிட்டால், வலிய அட்டைகளும் மூச்சு வாங்கும். சிவிலைசேஷன் போன்ற அரசாட்சி விளையாட்டிலே, எதிரி நாடுகள் எல்லாம் தத்தம் முறையை முடிக்கும்வரை நாம் கன்னத்திலே கைவைத்துக் காத்திருக்கிறோமே, அந்தக் காத்திருப்பை எந்த அட்டையாலும் குறைக்கமுடியாது.

இவ்வளவு தெளிவாயிருந்தும் மக்கள் ஏன் பிழைவிடுகிறார்கள்? பழக்கதோஷந்தான் காரணம் என்பேன். 1993 இல் வெளிவந்த டூம் என்ற விளையாட்டிலே படம் முழுவதையும் புரொசெசரே வரைந்தது. முப்பரிமாணப் படம் வரைவதற்கென்று 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை வந்தது 1996 இலேதான். அதுவும் ஏற்கெனவே உள்ள அட்டைக்குத் துணையாகப் பொருத்தப்பட்டது. 1999 இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 வந்து, அதுவரை புரொசெசர் செய்துவந்த கணக்குகளிற் சிலவற்றையும் தன்மேல் ஏற்றுக்கொண்டது. வேலை இடம் மாறிவிட்டது. விலைப்பலகை மட்டும் இடம் மாறவில்லை. கணினியின் தரத்தை இன்றும் “ஐ5 ஆ, ஐ7 ஆ?” என்றே விசாரிக்கிறோம். ஐ7 என்ற பெயரை மாத்திரம் நம்பிப் பழைய கணினியை வாங்குவோர்க்கு ஒன்று சொல்வேன்: 2011 இல் வந்த ஐ7 2600 ஐக் காட்டிலும் 2022 இல் வந்த ஐ3 12100 வேகமானது. பெயருக்கு முன்னால் ஆண்டைப் பாருங்கள்.

மெய்யான விலைகளோடு ஓர் உதாரணம் தருகிறேன். இவை 2023 இல் அவ்வுறுப்புகள் வெளியானபொழுது நிறுவனங்கள் அறிவித்த விலைகள். நம் கடைகளிலே வரியும் இலாபமும் சேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒருவர் ரைசன் 7 7800எக்ஸ்3டி என்னும் புகழ்பெற்ற புரொசெசரை 449 டொலருக்கும், ஆர்.டி.எக்ஸ் 4060 அட்டையை 299 டொலருக்கும் தெரிந்தெடுக்கிறார். மொத்தம் 748 டொலர். மற்றொருவர் ரைசன் 5 7600 ஐ 229 டொலருக்கும், ஆர்.எக்ஸ் 7800 எக்ஸ்.டி அட்டையை 499 டொலருக்கும் தெரிந்தெடுக்கிறார். மொத்தம் 728 டொலர். 1440 அளவுத் திரையிலே, அழகான காட்சிகள் நிறைந்த இன்றைய விளையாட்டுகளிலே, 20 டொலர் குறைவாகச் செலவிட்ட இரண்டாமவரே வெகுதூரம் முந்திவிடுவார். முதலாமவருக்கு வாய்ப்பான களம், காட்சித் தரத்தைக் குறைத்துவைத்து விளையாடும் போட்டி விளையாட்டுகள் மாத்திரமே.

அப்படியாயின் முதலாமவர் ஏன் அதைத் தெரிந்தார்? ஆய்வுரைகளைப் படித்திருப்பார். புரொசெசர்களை ஒப்பிடும் ஆய்வாளர், சந்தையிலுள்ள மிக வலிய அட்டையைப் பூட்டி, 1080 திரையிலே சோதிக்கிறார். புரொசெசரின் உண்மை வலிமையை அறிவதற்கு அதுவே சரியான முறை. ஆனால் அங்கே காணும் பெரிய வித்தியாசம், நடுத்தர அட்டையுடன் நம் வீட்டிலே ஏறத்தாழ மறைந்துபோகும். ஆய்வுரையிலே தவறில்லை, அதை நம் வீட்டு நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்பது நம் பொறுப்பு.

எதிர்ப்புறத்துப் பிழையும் உண்டு. இன்டெல் நிறுவனம் 2024 டிசம்பரிலே ஆர்க் பி580 என்ற அட்டையை 12 ஜிகாபைட் நினைவகத்துடன் 249 டொலருக்கு வெளியிட்டது. விலைக்கு நல்ல அட்டை என்று யாவரும் போற்றினர். சில கிழமைகளுக்குள், 2025 ஜனவரியிலே, அதனைப் பழைய புரொசெசர்களோடு சேர்த்துச் சோதித்தவர்கள் வேகம் வெகுவாக விழுந்ததைக் கண்டார்கள். அட்டையை இயக்கும் மென்பொருளே புரொசெசரின் நேரத்திலே கணிசமான பங்கை எடுத்துக்கொண்டது. மலிவான அட்டையை நாடுபவர் பெரும்பாலும் பழைய கணினி வைத்திருப்பவரே. அவருக்கே அந்த அட்டை உதவவில்லை.

அட்டைக்குப் புரொசெசரைப்போல் இரண்டு மடங்கு என்ற ஒரு கணக்கு வழக்கிலே உண்டு. பேச்சைத் தொடங்குவதற்கு அது போதும். பல வகையான விளையாட்டுகளையும் விரும்பி, 1080 அல்லது 1440 திரை வைத்திருப்பவர் அதன் அண்மையிலே நிற்கலாம். 4கே திரைக்காரர் மூன்று மடங்குக்கும் போகலாம். போட்டி விளையாட்டே கதியென்றிருப்பவர் இரண்டையும் ஏறத்தாழச் சமமாக்கினாலும் நான் குறை சொல்லேன். பணம் போதாதவிடத்து, புரொசெசரை நடுத்தரமாக வைத்து, பின்னர் மேலானதைப் பொருத்த இடந்தரும் தாய்ப்பலகையைத் தெரிவதையே நான் விரும்புவேன். ஏ.எம்.டி யின் ஏ.எம்4 வகைத் தாய்ப்பலகையை 2017 இல் வாங்கியோரிற் பலர், அதன் உள்மென்பொருளைப் புதுப்பித்து, 2022 இல் வந்த 5800எக்ஸ்3டி யை அதிலேயே பொருத்திக்கொண்டார்கள். பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியிலே மாத்திரம் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அது பழுதானால் மற்றையவற்றையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர், எதை மாற்றுவதென்று கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வழக்கமாக விளையாடும் விளையாட்டைத் திறந்து, செக்கனுக்கு எத்தனை படம் என்பதைக் குறித்துக்கொள்க. பின்பு தெளிவுத்திறனை ஒரு படி குறைத்து, அதே இடத்திலே மறுபடியும் பார்க்க. எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை அட்டையிலே இருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் புரொசெசரிலே இருக்கிறது. புரொசெசரின் பாவனை 30 வீதந்தானே காட்டுகிறது, அது எப்படித் தடையாகும் என்று மயங்கவேண்டாம். அந்த 30 வீதம் எல்லாக் கருக்களுக்கும் சேர்த்த சராசரி. விளையாட்டின் முக்கிய வேலை ஒரே கருவின் தலையிலே விழுந்து, அது முழு மூச்சாய் உழைக்க, மற்றையவை ஓய்ந்திருக்கக்கூடும். கருக்களைத் தனித்தனியே காட்டும்படி மாற்றிவிட்டுப் பார்த்தால் சிலவேளை அது தெரியும். வேலை ஒரு கருவிலிருந்து மற்றொன்றுக்கு இடம்மாறிக்கொண்டிருந்தால் அங்கும் தெரியாது. அந்நிலையிலே தெளிவுத்திறனைக் குறைத்துப் பார்த்த சோதனையின் முடிவையே கொள்க.