ஒரு பிடிக் கடலையில் உள்ள சத்து

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

வரலாறு பயின்று பட்டம் பெற்ற நான் பயிரைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் எளியது. என் அன்னையார் கூலி வேலை செய்து எங்களை வளர்த்தவர். கூலி கிடைத்த நாளில் ஒரு பிடிக் கொண்டைக்கடலையை இரவில் ஊறவைப்பார். காலையில் அவித்து, பிள்ளைகள் ஐவருக்கும் எண்ணிப் பங்கிடுவார். அந்த ஒரு பிடியில் என்ன இருந்தது என்பதை நான் ஆசிரியனான பின்னரே நூல்களைப் படித்து அறிந்தேன்.

உலர்ந்த கொண்டைக்கடலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு புரதம் உண்டு. அரிசியில் இருப்பதோ 7 அல்லது 8 பங்குதான். மேலும், அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. கடலையில் அது மிகுதி. கடலையில் குறைந்துள்ள மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு உண்டு. சோறும் சுண்டலும் சேரும்பொழுது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நம் தாய்மார்கள் வேதியியல் படிக்காமலே கண்ட பொருத்தம் இது.

அந்த 20 பங்கை 25 ஆக உயர்த்த இயலுமா? பயிரின அறிஞர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வரும் கேள்வி இது. ஐதராபாத்துக்கு அருகே பதான்செருவில் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையத்தில், பல நாடுகளிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 20,000 கொண்டைக்கடலை விதை மாதிரிகள் காக்கப்படுகின்றன. கொண்டைக்கடலை இனங்கள் எல்லாவற்றிலும் புரதம் ஒரே அளவில் இல்லை. சிலவற்றில் 15க்கும் குறைவு. சிலவற்றில் 25க்கும் மேல். இந்த வேறுபாடே அறிஞர்களின் மூலதனம்.

கடலைப் பூ விரியுமுன்னரே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுவிடும். ஆகவே, மொட்டாக இருக்கும்போதே அதை மெல்லப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் நீக்கி, வேறோர் இனத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது ஒரு காய். அதனுள் ஒன்றோ இரண்டோ விதைகள். அவ்விதையின் வழித்தோன்றல்களில் நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, குணம் நிலைக்கும் வரை தலைமுறை தலைமுறையாக விதைத்து வர வேண்டும். வயலில் ஆண்டுக்கு ஒரு போகம் என்றால், ஓர் இரகம் உருவாகப் பத்தாண்டும் செல்லலாம்.

இதில் இடையூறுகள் பல. புரதத்தை அளக்க 1883இல் டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் ஒரு முறை கண்டார். விதையை அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கும் முறை அது. ஆனால், அளந்த விதையை மீண்டும் விதைக்க முடியாதல்லவா? இன்று அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, விதை அழியாமலே மதிப்பிடுகிறார்கள். அடுத்து, புரத அளவை ஆள்வது ஒரு மரபணு அன்று, பல. கொண்டைக்கடலையின் மரபணுத் தொகுதி 2013இல் வெளியிடப்பட்டது. அதில் 28,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதாகக் கணித்தனர். அதனோடு மண்ணும் மழையும் சேர்ந்து புரத அளவை மாற்றுவதால், பல ஊர்களில் பல பருவங்களில் விளைவித்துப் பார்த்தே முடிவு சொல்ல இயலும்.

எல்லாவற்றிலும் பெரிய இடையூறு விளைச்சல். ஒரு கிராம் புரதம் ஆக்கச் செடிக்குச் செலவாகும் உணவு, ஒரு கிராம் மாவுச்சத்து ஆக்கச் செலவாவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகையால் புரதம் ஏறினால் மணி சிறுப்பதும் விளைச்சல் குறைவதும் அடிக்கடி நேர்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 விழுக்காடு புரதமுள்ள இரகம் 1,000 கிலோ விளைந்தால் 200 கிலோ புரதம். 25 விழுக்காடுள்ள இரகம் 700 கிலோதான் விளைந்தால் 175 கிலோ. சத்து உயர்ந்தது, நாட்டுக்குக் கிடைத்தது குறைந்தது! விளைச்சலை விட்டுக்கொடுக்காமல் புரதத்தை ஏற்றுவதே உண்மையான வெற்றி.

இதனை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, சத்துக் கூடிய கடலைக்குக் கடையில் கூடுதல் விலை உண்டா?" என்று கேட்டான். நான் சற்றுத் திகைத்தேன். கடைக்காரர் எடையைப் பார்க்கிறார், மணியின் பருமனைப் பார்க்கிறார், புரதத்தைப் பார்ப்பதில்லை. விலை கிடைக்காவிடில் உழவர் ஏன் விதைக்க வேண்டும்? விலை ஏறிவிட்டாலோ, கூலி வாங்கும் தாய் எவ்வாறு வாங்குவாள்? அறிவியல் விதையைத் தரலாம். அது ஏழைக் குழந்தையின் தட்டுக்கு வந்து சேர நல்ல சட்டமும் நல்ல நிருவாகமும் வேண்டும். பள்ளிச் சத்துணவுக்குக் கொள்முதல் செய்யும் அரசு, எடையோடு சத்தையும் அளந்து விலை தருமானால், இரு தரப்பும் பிழைக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

மற்றொன்றையும் மறக்கலாகாது. வயிறு நிறையாத குழந்தைக்குப் புரதம் மட்டும் கொடுத்துப் பயனில்லை. ஆற்றல் போதாதபோது உடல் அப்புரதத்தையே எரித்துவிடும். முதலில் வயிறாரச் சோறு, அதனுடன் கடலை.

இளைஞர்களே! பொறியியலும் மருத்துவமும் மட்டுமே படிப்பு என எண்ணாதீர்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 3, கோ 4 என்னும் கொண்டைக்கடலை இரகங்களை வெளியிட்டுள்ளது. அத்தகைய ஆய்வுக்கூடங்களில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும். களை பறிப்பதிலும் கதிர் அறுப்பதிலும் நம் கைகள் தலைமுறைகளாகப் பழகியவை. எந்த விதையைத் தெரிந்தெடுப்பது என்று ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதும் கையும் நம்முடையதாக வேண்டும். பசியை அறிந்தவன் அவ்விடத்தில் அமர்ந்தால், யாருக்காக விதையைத் தேடுகிறோம் என்பதை மறக்கமாட்டான்.

என் அன்னையார் எண்ணிக் கொடுத்த அந்தக் கடலைகளை நினைந்து அமைகிறேன்.