ரோட்டோர நிலமும் தலைவிதியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெரிய ரோட்டின் இரு புறத்திலும் நிலம் வைத்திருக்கின்ற குடியானவர்களைப் பற்றியதாகும். "சாஸ்திரத்தையும் சடங்கையும் பற்றிப் பேசுகின்றவர்களுக்கு நஞ்சை புஞ்சை விவகாரத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு நம்முடைய பதில் என்னவென்றால், மனிதன் எந்த விஷயத்தில் தன் புத்தியை உபயோகிக்காமல் "எல்லாம் தலைவிதி" என்று கையைக் கட்டிக் கொண்டு உட்காருகின்றானோ, அந்த விஷயத்தில் நமக்கு வேலை இருக்கின்றது என்பதுதான். இன்று நில விஷயத்தில் அந்தத் தலைவிதிப் பேச்சு கோயில் வாசலில் இருப்பதைவிட அதிகமாக இருக்கின்றது.

முதலில் நடந்திருப்பது என்ன என்று பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கங்கள் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்து வந்த சீமையாகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பிறகு ஒரகடம் முதலிய இடங்களிலும் தொழிற்சாலைகள் வந்தன. 2022 மே மாதத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒசக்கோட்டை வரையில் சுமார் 262 கிலோமீட்டர் தூரத்துக்குப் புதிய விரைவுச் சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே வருஷம் அக்டோபரில், 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக ஆக்கி சர்க்கார் உத்தரவு போட்டார்கள். அதாவது ஏறக்குறைய ஐந்து பங்கு. நேற்று வரை நெல்லும் வேர்க்கடலையுமாக இருந்த எத்தனையோ கிராமங்கள், ஒரு ஏர் உழுது முடிப்பதற்குள் பட்டணத்துக் கணக்கில் சேர்ந்துவிட்டன. அந்தக் கிராமங்களில் எத்தனை பேருக்கு இது அன்றே தெரியும்? தெரிந்து கொள்ள வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் எத்தனை பேர்?

தோழர்களே! இதில் இரண்டு வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. நம் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்ளுவதனாலேயே பாதி நஷ்டம் அடைகின்றார்கள்.

ஒன்று, நில வகைப்பாடு. முழுமைத் திட்டம் என்று ஒரு படம் போடுகின்றார்கள். அதில் இந்தச் சர்வே நம்பர் குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை, இது விவசாயம் என்று வர்ணம் தீட்டுகின்றார்கள். இதனால் நிலம் யாருடைய கையை விட்டும் போய்விடுவதில்லை. தொழிற்சாலைப் பகுதி என்று எழுதிவிட்டதனாலேயே உழுகின்றவன் ஏரைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்த வர்ணந்தான் நிலத்தின் விலையைத் தீர்மானிக்கின்றது.

மற்றொன்று, நில எடுப்பு. ரோட்டுக்கென்றோ, தொழிற்பேட்டைக்கென்றோ சர்க்கார் நிலத்தையே எடுத்துக் கொள்ளுவதாகும். இதில் நிலம் போகும், ஈட்டுத்தொகை வரும். முதல் காரியத்தில் நிலம் இருக்கும். ஆனால் அதன் லாபம் வேறு ஒருவன் மடிக்குப் போய்விடும். எப்படி என்பதைக் கேளுங்கள்.

விவசாயம் என்று வர்ணம் பூசப்பட்ட நிலத்தில் மனைப் பிரிவு போடவோ, ஆலை கட்டவோ அனுமதி கிடைப்பது கஷ்டம். ஆகையால் விலை குறைவு. அதே நிலம் வேறு வகைக்கு மாறினால் விலை பல மடங்கு ஏறுகின்றது. மாறப் போகின்றது என்கிற சமாச்சாரம் யாருக்கு முதலில் தெரிகின்றதோ அவன் பச்சை வர்ண விலைக்கு வாங்கி, மாறின வர்ண விலைக்கு விற்கின்றான். இவனுக்கு உழவு தெரியாது; களை எடுக்கத் தெரியாது; மழையில் நனைந்ததில்லை. அவனுடைய மூலதனமெல்லாம் "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது" என்பது ஒன்றுதான். நம்மை எழுத்து வாசனை இல்லாமல் வைத்திருந்த காலத்தில் வேதத்தை வைத்துக் கொண்டு பிழைத்தவர்களுக்கும், இன்று படத்தையும் சர்வே நம்பரையும் வைத்துக் கொண்டு பிழைக்கின்ற தரகருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். அது மந்திர ரகசியம். இது வரைபட ரகசியம். இரண்டும் நம்முடைய அறியாமையில் விளைகின்ற வெள்ளாமைதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வரைபடம் சட்டப்படி ரகசியமே அல்ல! 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில், திட்டம் தயாரானதும் அதைக் கெஜட்டிலும் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும் என்றும், நகலை ஜனங்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும், ஆட்சேபணையும் யோசனையும் எழுதிக் கொடுக்க 2 மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி இருக்கின்றது. பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி வைத்த நிலத்தை 3 வருஷத்துக்குள் எடுக்க நடவடிக்கை இல்லையானால் அந்த ஒதுக்கீடு விலகிவிடும் என்றும் அதே சட்டத்தில் இருக்கின்றது. ஊருக்கு ஒருவராவது போய்ப் பார்த்தார்களா? கும்பாபிஷேக நோட்டீசைத் தெருத்தெருவாக ஒட்டிப் படிக்கின்ற ஊரில், இந்த நோட்டீசை ஒட்டவும் படிக்கவும் ஆள் இல்லை என்றால் அது தரகன் செய்த குற்றம் மாத்திரமா?

நிற்க, வர்ணம் மாறினால் ரோட்டோரத்து நிலக்காரருக்கு மாத்திரந்தான் சம்பந்தம் என்று எண்ணி, பின்னால் உள்ளவர்கள் சும்மா இருந்துவிடுகின்றார்கள். இதுவும் பெரிய தப்பாகும். ஏரித் தண்ணீர் மதகிலிருந்து வாய்க்கால் வழியாக வயலுக்கு வயல் பாய்ந்து போவது. முன் நிலத்தில் மதில் சுவர் எழுப்பி, மண் கொட்டி மேடாக்கி, வாய்க்காலைத் தூர்த்துவிட்டால், பின் நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மழைக் காலத்தில் மிச்சத் தண்ணீர் எந்த வழியாக வடியும்? பின் நிலம் படத்தில் பச்சையாகவே இருக்கும். பூமியில் தரிசாகக் கிடக்கும். விளைச்சலும் இல்லை, ரோட்டோர விலையும் இல்லை என்று ஆன பிறகு, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆகவே வாய்க்கால் உள்ள சர்வே நம்பரின் மேல் ஆயக்கட்டுக்காரர் அத்தனை பேருக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

இனி நில எடுப்பைப் பார்ப்போம். 1956-ஆம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் வேண்டும் என்று 3-ஏ என்கிற பிரிவின்படி கெஜட்டில் அறிவிப்புப் போடுகின்றார்கள். அதன் சாராம்சம் இரண்டு பத்திரிகைகளில், ஒன்றாவது நம் பாஷைப் பத்திரிகையாக, வரவேண்டும். அறிவிப்பு வந்து 21 நாளைக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு 3-டி என்கிற பிரிவின்படி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அன்றே மத்திய சர்க்காருடையதாகிவிடும்.

இந்த 21 நாளில் நம்மவர்கள் என்ன செய்கின்றார்கள்? ஜோசியரிடம் போகின்றார்கள். அவர் கட்டத்தைப் பார்த்து, "பூமி ஸ்தானம் கெட்டிருக்கின்றது, விளக்குப் போடு" என்கின்றார். இவரும் விளக்குப் போடுகின்றார். எண்ணெய் தீருகின்றது, நாளும் தீருகின்றது. பிறகு தாசில்தார் ஆபீசுக்கு ஓடினால், "தேதி போய்விட்டது" என்கின்றார்கள். "பார்த்தாயா, ஜோசியர் சொன்னது பலித்துவிட்டது!" என்று வீட்டுக்குத் திரும்புகின்றார். தோழர்களே! அந்த நிலத்துக்கு வந்த கண்டம் சனியினால் வந்ததல்ல, கெஜட்டில் வந்தது. கிரகத்துக்குப் பரிகாரம் உண்டோ இல்லையோ, கெஜட்டுக்குப் பரிகாரம் உண்டு. அது ஒரு முழு வெள்ளைக் காகிதமும், தேதி போட்ட ஒரு மனுவும், அதைக் கொடுத்ததற்கு ஒரு ரசீதுந்தான்.

ஈட்டுத்தொகை விஷயத்தில் நாமே நமக்கு வெட்டிக் கொண்ட குழி ஒன்று இருக்கின்றது. 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பையும், பக்கத்தில் உள்ள அதே மாதிரியான நிலங்களின் முந்தின 3 வருஷக் கிரயங்களில் விலை அதிகமாக உள்ள பாதிப் பத்திரங்களின் சராசரியையும் பார்த்து, எது அதிகமோ அதை எடுத்துக் கொள்ளுகின்றார்கள். கிராமத்து நிலமானால் அதை 1 முதல் 2 வரையில் ஒரு எண்ணால் பெருக்கி, அதன் மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை சேர்க்கின்றார்கள். நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் 2015 முதல் இதே கணக்குத்தான்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் நம் ஊர்ப் பத்திரங்களில் இருக்கின்ற விலை என்ன? ஏக்கர் 30 லட்சத்துக்கு வாங்கி, பத்திரத்தில் 10 லட்சம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2023 ஏப்ரலில் ஏற்பட்ட விகிதப்படி முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக நூற்றுக்கு 9. மறைத்த 20 லட்சத்துக்கு மிச்சம் பிடித்தது 1 லட்சத்து 80 ஆயிரம். ஊரெல்லாம் இப்படி எழுதினால், நில எடுப்பு வருகின்றபோது பெருக்கல் எண்ணைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், ஆறுதல் தொகையுடன் 60 லட்சம் வரவேண்டிய ஏக்கருக்கு 20 லட்சந்தான் வரும். நஷ்டம் 40 லட்சம். அதுவும் பொய் எழுதினவனுக்கு மாத்திரமா? நிலத்தை விற்காமல் வைத்திருந்த பக்கத்து வயல்காரனுக்குந்தான். இது போதாதென்று, 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை நூற்றுக்கு 33 குறைத்தார்கள். கிரயம் மலிந்தது என்று அன்று சந்தோஷப்பட்டோம். ஈட்டுத்தொகையும் மலியும் என்று யார் யோசித்தார்கள்? 2023 ஏப்ரல் 1-ந் தேதிதான் பழையபடி உயர்த்தினார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிக் கொண்டே, பத்திரத்தில் மாத்திரம் அளவைக் கைவிடலாமா?

மனை வாங்குகின்ற ஏழைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயலில் கல்லை நட்டு, கொடியைக் கட்டி, "ரோடு வரப் போகின்றது" என்று விற்றதையெல்லாம் நம்பி வாங்கினார்கள். 2016 செப்டம்பர் 9-ந் தேதி சென்னை ஐக்கோர்ட்டு அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாதென்று தடை போட்டது. அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்த விதிகள் வந்தாலும், அதற்கும் கட்டணம் வாங்கினவன்தான் கட்டினான். விற்றவன் அடுத்த ஊரில் கல் நட்டுக் கொண்டிருந்தான்.

இதுவரை பட்டா உள்ளவரைப் பற்றிப் பேசினோம். பட்டா இல்லாதவர் கதி என்ன? தலைமுறையாக உழுகின்ற குத்தகைக்காரனுக்கு, 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பேர் ஏற வேண்டும். பேர் இல்லையானால் பணம் கொடுக்கின்ற நாளில் அவன் யாரோ! பல வருஷமாக அங்கேயே பிழைக்கின்ற விவசாயக் கூலியையும் குத்தகையாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக 2013-ஆம் வருஷத்துச் சட்டம் கணக்கிடுகின்றது. ஆனால் கேட்காதவன் வீடு தேடி எந்தச் சட்டமும் வராது.

பஞ்சமி நிலத்தைப் பாருங்கள். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்னும் வெள்ளைக்காரர் 1891-இல் எழுதின அறிக்கையின் பேரில், 1892-இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. 10 வருஷத்துக்கு விற்கக்கூடாது, பிறகும் அம்மக்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்று ரோட்டோரத்தில் அது யார் யார் கையில் இருக்கின்றது என்று கிராமக் கணக்கைப் புரட்டினால் தெரியும். அதைக் கேட்கப் போய்த்தான் 1994-இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று.

பெண்களுக்கு நேருவதோ வீட்டுக்குள்ளேயே நடக்கின்ற நில எடுப்பாகும். தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதற்கும் 2005-லும் வந்த திருத்தங்களால் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டாயிற்று. தகப்பனார் எப்போது இறந்திருந்தாலும் 2005-இன் உரிமை உண்டு என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. புஞ்சை காய்ந்து கிடந்தவரையில் தங்கையை மறந்திருந்த அண்ணன்மார், ரோடு வருகின்றதென்றதும் புடவையும் பழத்தட்டுமாக வந்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கின்றார்கள். தாய்மார்களே! படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சீர்வரிசை வேறு, சொத்துரிமை வேறு.

இப்படிச் சொல்வதனால் நாம் ரோட்டுக்கும் ஆலைக்கும் விரோதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். ரோடும் வேண்டும், யந்திரமும் வேண்டும், நம் பிள்ளைகள் ஏர்க் காலிலேயே கிடக்காமல் தொழில் கற்று உயரவும் வேண்டும். நிலத்தை விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் இஷ்டம். நாம் கேட்பதெல்லாம், விற்கின்றவன் தெரிந்து விற்க வேண்டும். கொடுக்கின்றவன் நியாயமான விலைக்குக் கொடுக்க வேண்டும். ஆட்சேபிக்கின்றவன் காலத்தில் ஆட்சேபிக்க வேண்டும் என்பதுதான்.

அதற்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பட்டா இன்னும் பாட்டன் பேரில் இருந்தால், வாரிசுகள் பேருக்கு இப்போதே மாற்றுங்கள். அடங்கலில் நீங்கள் வைத்த பயிர் ஏறி இருக்கின்றதா, வில்லங்கச் சான்றில் அன்னியன் பேர் நுழைந்திருக்கின்றதா என்று பாருங்கள். கிரயத்தில் உண்மை விலையை எழுதுங்கள். நகர் ஊரமைப்பு ஆபீசில் உங்கள் சர்வே நம்பருக்கு என்ன வகை என்று கேட்டு, வாசகசாலைச் சுவரில் எழுதி வையுங்கள். ஊருக்குப் படித்த வாலிபர் இருவர் பத்திரிகை அறிவிப்புகளைப் பார்ப்பதையே வேலையாக ஏற்றுக் கொள்ளட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகின்றதே, அங்கே போய் வாய்க்காலைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். நிலக்காரரும், குத்தகைக்காரரும், கூலிக்காரரும், சேரியும் ஊரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். ஜாதி பார்த்துத் தனித்தனி மனுவாகக் கொடுத்தால் தரகனுக்குத்தான் கொண்டாட்டம். ஒருவனை வைத்து மற்றவன் விலையை இறக்கிவிடுவான்.

தோழர்களே! தும்பை விட்டு வாலைப் பிடிப்பதே நம் வழக்கமாக இருந்து வந்திருக்கின்றது. தும்பு கெஜட்டில் இருக்கின்றது, படத்தில் இருக்கின்றது, பத்திரத்தில் இருக்கின்றது. அதைப் பிடிப்பதற்குப் பணம் வேண்டாம், நல்ல நேரம் வேண்டாம், கண்ணும் புத்தியுமே போதும். உங்கள் நிலத்தின் விதியை மனிதர்கள் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகின்றார்கள். மனிதர்கள் எழுதுவதை மனிதர்கள் திருத்தலாம்.