நண்டு வளையும் நம்ம கணினியும்

(பட்டிமன்ற நடுவர் தீர்ப்புரை)



'வீட்டுக் கணினிக்குப் பழைய இயங்குதளமே போதுமா, புதியதற்கு மாறத்தான் வேண்டுமா?' இதுதான் இன்றைய தலைப்பு. இயங்குதளம்னா என்னப்பான்னு முன்வரிசையில ஒரு ஆத்தா கேட்கிறாங்க. கல்யாண வீட்ல அடுப்பு, அண்டா, அரிசி, ஆளு எல்லாம் இருக்கும். எந்த அடுப்புல எதை ஏத்தணும், யார் கையில எப்ப கரண்டியைக் கொடுக்கணும்னு சொல்ல ஒரு தவசிப்பிள்ளை வேணும்ல? கணினிக்குள்ள இருக்கிற தவசிப்பிள்ளைதான் ஆத்தா இயங்குதளம். விண்டோஸ், விண்டோஸ்ங்கிறாங்களே, அது அவர்ல ஒருத்தர். (சிரிப்பு)

பழசே போதும்னு பேசின அணி லேசுப்பட்ட அணி இல்லை. 2018 அக்டோபர்ல விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு புதுப்பிப்பு, சிலருடைய கோப்புகளையே அழிச்சிருச்சு. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வச்சு, திருத்தித்தான் மறுபடியும் விட்டது. "வெள்ளையடிக்க வந்தவன் பீரோவைத் தூக்கிட்டுப் போனா எப்படி ஐயா?" என்று கேட்டார் முதல் பேச்சாளர். நியாயமான கேள்வி.

அடுத்தவர் செலவுக் கணக்கை எடுத்தார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. அதுக்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் வேணும். டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் வேணும். செயலியும் அவங்க பட்டியல்ல இருக்கணும். 2017-க்கு முன்னால வாங்கின பெட்டி பெரும்பாலும் தேறாது. "நல்லா ஓடுற வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்றீங்களா?" என்றார். (கைதட்டல்)

மூணாவதாப் பேசிய அம்மா சொன்னதைக் கேட்டு, தமிழ் வாத்தியாரான எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு. தொண்ணூறுகளில் நம்ம டி.டி.பி. கடைகளில் அடிச்ச ஆய்வேடு, கோயில் மலர், ஊர் வரலாறு எத்தனை! அன்னைக்குத் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீடு. அந்த எழுத்துரு இல்லாமத் திறந்தா தமிழ் தெரியாது; ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாச் சிதறிக் கிடக்கும். அந்தக் காலத்து 16 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11-ல 64 பிட் மட்டும்தான் உண்டு. "அப்பா எழுதினதை மகன் திறக்க முடியலைன்னா அதுக்குப் பேர் முன்னேற்றமா?" என்று அந்த அம்மா கேட்டபோது மன்றமே அமைதியாயிருச்சு.

மாறணும்னு பேசின அணி அதே தமிழை எடுத்து எதிர்த்து அடிச்சாங்க. "ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம் பிடிச்சிருச்சு. ஆனா விண்டோஸ் பெட்டிக்கு அது வந்தது விண்டோஸ் 2000-த்தோட. 2010-ல தமிழக அரசும் ஒருங்குறியை ஏத்துக்கிட்டது. யாருமே மாறாம உட்கார்ந்திருந்தா, பேத்தி அனுப்புற தமிழ் தாத்தா கணினியில கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றார்கள். அதுவும் உண்மைதான்.

அப்புறம் அவங்க எடுத்தது 2017 மே மாதத்து வானாகிரை. கோப்பையெல்லாம் பூட்டிப்போட்டு, திறக்கணும்னா முந்நூறு டாலர் வைன்னு மிரட்டின நிரல் அது. நூத்தம்பது நாட்டுக்கு மேல பரவுச்சு. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போச்சு. திருப்பதி தேவஸ்தானக் கணினிகள் சிலவற்றிலும் புகுந்ததாகச் செய்தி வந்தது. ஏழுமலையான்கிட்டயே வசூல் கேட்ட நிரல்! (சிரிப்பு) இதுல கொடுமை என்னன்னா, அந்த ஓட்டைக்கு மருந்து மார்ச் மாசமே வந்திருச்சு. போட்டுக்கிட்டவங்க தப்பிச்சாங்க. போடாதவங்களும், ஆதரவு முடிஞ்ச பழைய இயங்குதளத்தை வச்சிருந்தவங்களும் மாட்டினாங்க.

இப்ப நான் சொல்ல வேண்டியது. நம்ம மதுரைச் சீமை கண்மாய்ச் சீமை. மாடக்குளம் கண்மாய் இன்னைக்கு நேத்து வெட்டினதா? கண்மாய் பழசுங்கிறதால கரை உடையாது. கரையில நண்டு வளை தோண்டும். அதைப் பார்த்து அடைக்க ஆள் இல்லாமப் போனாத்தான் உடையும். கரையைச் சுத்திவந்து வளையை அடைக்கிற நீர்க்கட்டி இருக்காரா? அதுதானய்யா கேள்வி! மென்பொருள்லயும் நண்டு வளை உண்டு. கம்பெனி மாசாமாசம் அனுப்புற பாதுகாப்புப் புதுப்பிப்புதான் அந்த நீர்க்கட்டி. 2001-ல வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஓட அவர் வேலை முடிஞ்சது. 2015-ல வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. வீட்டுக்காரங்க தனியாப் பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புன்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறமும் பெட்டி ஓடும். உடைப்பெடுக்கிற வரைக்கும் கண்மாயும் தளும்பத் தளும்ப அழகாத்தான் நிக்கும்!

"என் பெட்டியில என்ன இருக்கு, திருட?" என்று ஒருவர் கேட்டார். ஐயா, வைகை பெருகின கதையை மதுரைக்காரனுக்குச் சொல்லணுமா? வீட்டுக்கு ஒரு ஆள் வந்து அவங்கவங்க பங்குக் கரையை அடைக்கணும்னு பாண்டியன் உத்தரவு போட்டான். ஏன்? ஒரு பங்கு திறந்து கிடந்தாலும் ஊருக்கே வெள்ளம். வானாகிரையும் அப்படித்தான். ஒரு பெட்டியில புகுந்துட்டா, யாரும் எதையும் தொடாமலே வலைப்பின்னல் வழியா அடுத்த பெட்டிக்குத் தாவுச்சு.

சரி, புதுப் பெட்டி வாங்க வசதி இல்லாதவங்க? அந்தக் கதையிலும் அனுப்ப ஆள் இல்லாத வந்திக் கிழவி இருந்தாளே! அவளுக்குக் கூலியாளா ஒருத்தர் வந்தார். நமக்கும் ஒருத்தர் உண்டு: லினக்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோட சேர்ந்து வந்தது. 2014-ல எக்ஸ்பி ஓய்ந்தபோது, தமிழக அரசு தன் துறைகளுக்கு அதைத்தான் காட்டியது. கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் லினக்ஸிலேயே பாடம் நடத்துறாங்க. வந்திகிட்ட அவர் உதிர்ந்த பிட்டாவது கேட்டார். இவர் அதுவும் கேட்கிறதில்லை. (கைதட்டல்) ஆனா ஒண்ணு, உங்க கணக்கு மென்பொருளும் பிரிண்டரும் அவர்கிட்ட வேலை செய்யாமலும் போகலாம். பென் டிரைவில் வச்சே ஓட்டிப் பார்க்கலாம். பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கடைசியா, அந்த அம்மாவோட கேள்விக்கு நான் பதில் சொல்லியாகணும். மாறுறதுக்கு முந்தின நாளே எல்லாத்தையும் வேறொரு வட்டில் படி எடுங்க. பழைய எழுத்துருவில் கிடக்கிற தமிழை, அந்தப் பழைய பெட்டி உயிரோட இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாத்துங்க. அதுக்கான மாற்றிகள் இருக்கு. அவசரம் எதுக்குன்னு தள்ளிப்போட்டா, ஒருநாள் பெட்டி கண்ணை மூடும். அதோட ஒரு ஊர் வரலாறும் கண்ணை மூடும்.

ஆகவே தீர்ப்பு: காவல் இருக்கிற வரைக்கும் பழசை வச்சிருப்பதில் தவறில்லை, புதுசு வந்த அன்னைக்கே பாய வேண்டியதும் இல்லை. மத்தவங்க அனுபவத்தைப் பார்த்துட்டு, ரெண்டு மாசம் கழிச்சுக்கூடப் போகலாம். ஆனால் காவல் போன பிறகு, மாறுவதே முறை. விண்டோஸ் 11-ஓ, லினக்ஸோ, அவரவர் வசதிப்படி. எழுத்தைக் காப்பாத்திட்டு மாறுங்க! அந்த வகையில், இரண்டாவது அணிக்கே என் தீர்ப்பு. முதல் அணியின் எச்சரிக்கை அதற்கு நிபந்தனை.