மெட்டி போட்ட விரலைக் கொஞ்சம் பாருங்க!

(தலத்தெரு குழுக் கூட்டத்தில் பேசியது)



காரைக்கால் அம்மையார் கயிலாயத்தைக் காலால் மிதிக்க அஞ்சி, தலையாலேயே நடந்து போன கதை நமக்கெல்லாம் தெரியும். ஆனா நடவுக்கும், மீன் கூடை தூக்கவும், வங்கிக்கு அலையவும் நமக்குக் கால்தான் வேணும்.

எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் உட்கார்ந்திருக்கோம். மெட்டி போடுற விரலைப் பாருங்க. நடு மூட்டு மேலே தூக்கி, நுனி கீழே மடங்கியிருக்கா? இதைத்தான் டாக்டருங்க 'சுத்தியல் விரல்'னு சொல்றாங்க. மற்ற சின்ன விரல்களிலும் வரும்.

ஏன் வருது? முன்பக்கம் ஒடுங்கின செருப்பு, பெருவிரல் கோணி பக்கத்து விரலை நெருக்குறது, மூட்டுவாதம், சர்க்கரை நோயால் நரம்பு கெட்டுப் பாதத் தசை பலம் இழக்குறது எல்லாம் காரணம். சாபம் எதுவும் இல்லை.

கையால் நீட்டினா நிமிருதா? அப்போ விரலுக்கு இடம் விடுற அகலமான செருப்பு போடுங்க. மூட்டு உரசாமல் பஞ்சு வையுங்க. தரையில் துண்டைப் போட்டு விரலால் சுருட்டி இழுங்க. வலி குறையும். நிமிராமல் இறுகி, வலியும் புண்ணும் தொடர்ந்தா அறுவை சிகிச்சை இருக்கு.

சர்க்கரை உள்ளவங்க இன்னும் கவனமா இருக்கணும். நமக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு மெட்டிக்கு அடியில் புண். மரத்துப்போன காலில் வலி தெரியலை. தெரிஞ்ச பிறகும், "கழட்டினா வீட்டுக்காரருக்கு ஆகாது"ன்னு மறைச்சாங்க. கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போ மெட்டி போட அந்த விரலே இல்லை.

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளிடம் இதைத்தான் கண்டார். உணர்ச்சி இல்லாததால் காயம் தெரியாமல் போய்த்தான் விரல்கள் அழிஞ்சுது. அதனால் மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்து கொடுத்தாங்க. இன்னைக்கு சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர் சொல்ற எம்.சி.ஆர். செருப்பும் அந்த வழிதான்.

கால் ஆணியை பிளேடால் சீவாதீங்க. சர்க்கரை உள்ளவங்க ஆணி பிளாஸ்திரியும் ஒட்டாதீங்க. மெட்டி இறுக்கினா தளர்த்துங்க, புண் இருந்தா கழட்டுங்க. தாமதிக்காமல் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குப் போங்க.

இனி கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணும் முன்னே, பக்கத்தில் இருக்கிறவங்க காலை ஒருத்தருக்கொருத்தர் பார்ப்போம். நம் உள்ளங்கால் நமக்குத் தெரியாது, பக்கத்து அக்காவுக்குத் தெரியும்.